பெருக்குவது எங்கள் வேலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் பூங்காக்களைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள். "அந்தந்தத் தெருக்காரங்ககிட்டயே விட்டுடலாம், நல்லா பாத்துப்பாங்க" என்கிறார்கள். வில்லிவாக்கத்தில் எங்கள் தெருவை ஒட்டி ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. வார்தா புயலுக்குப் பிறகு நாங்கள் சில பேர் சேர்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் வருகிறோம். அந்த உரிமையில் சொல்கிறேன், எங்களிடம் விட்டுவிடாதீர்கள். தன்னார்வலர் செய்ய வேண்டிய வேலை ஒன்று, சம்பளம் வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பினால் அடிபடுவது சம்பளம் வாங்குகிறவர்தான். எங்கள் பூங்காவில் அப்படித்தான் நடந்தது.

பூங்காவின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அங்கே வேலை செய்யும் இரண்டு பெண்கள் யார் என்று தெரிந்துவிடும். நான் தபால் அலுவலக கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மணியார்டர் பாரத்தில் பின்கோடு விட்டுப்போனால்கூடத் திருப்பிக் கொடுத்துப் பழக்கம். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2016 டிசம்பர் 12-ம் தேதி வார்தா அடித்த சாயங்காலம் எங்கள் பூங்காவில் விழுந்தவை பெரும்பாலும் மயில்கொன்றைகளும் பெருங்கொன்றைகளும்தான். பார்க்க அழகான மரங்கள், மே மாதம் தீப்பிடித்தாற்போலப் பூக்கும், ஆனால் மயில்கொன்றைக்கு ஊர் மடகாஸ்கர். வேர் மேலாக ஓடும், கிளை சட்டென்று முறியும். வேம்பும் பூவரசும் கிளைகளை இழந்தாலும் நின்றன. விழுந்த மரங்களில் இன்னொன்றையும் பார்த்தோம். அடிமரத்தை நெருக்கிச் சிமெண்டு போட்டிருந்த பக்கம் வேரே இறங்கவில்லை. தண்ணீர் போகாத இடத்தில் வேர் எதற்குப் போகும்? மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண் விட வேண்டும் என்று பசுமைத் தீர்ப்பாயம் டில்லி மரங்களுக்காக 2013-லேயே சொன்னது. எங்கள் ஊர் மரங்களுக்கும் அதே வேர்தானே. மின்சாரம் இல்லாத அந்த வாரத்தில் கோடாரியும் வாளியுமாகப் பூங்காவில் கூடியவர்கள்தான் இன்றைக்கும் குழுவில் இருக்கிறோம். ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், மாவு மில்காரர், டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர், ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், அப்போது பள்ளியில் படித்து இப்போது கல்லூரிக்குப் போகும் பெண் ஒருத்தி, அப்புறம் நான். சங்கம் என்று பதிவு செய்யவில்லை. பதிவு செய்தால் தலைவர் யார் என்று சண்டை வரும்.

முதலில் செய்தது நடவு. புங்கன், பூவரசு, மகிழம், இரண்டு வேம்பு. கன்று வைப்பது சுலபம், போட்டோவும் நன்றாக வரும். கத்திரி வெயிலில் தண்ணீர் ஊற்றுவதுதான் கஷ்டம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு தெருவெல்லாம் குடத்தோடு லாரிக்கு நின்றபோது, அரிசி களைந்த தண்ணீரையும் துணி அலசிய தண்ணீரையும் வாளியில் கொண்டுவந்து ஊற்றிக் கன்றுகளைக் காப்பாற்றினோம். மகிழம் மட்டும் போய்விட்டது. புங்கன் இன்றைக்கு நிழல் தருகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது.

அடுத்தது இலைக்குழி. முன்பெல்லாம் காய்ந்த இலையை மூலையில் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். நடக்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சுற்றுவார்கள். பூங்காவின் இலை தழைகளைத் தனியாகச் சேர்த்து, முடிந்தவரை பூங்காவுக்குள்ளேயே மட்கவைக்க வேண்டும் என்று 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. அதை அச்செடுத்து மாநகராட்சியில் காட்டி இடம் கேட்டோம், கொடுத்தார்கள். முழங்கால் ஆழத்துக்கு மேல் தோண்டி, ஒரு அடுக்கு இலை, அதன் மேல் கொஞ்சம் மண், சாணி கரைத்த தண்ணீர், கிடைத்தால் புளித்த மோர். ஈரப்பதம் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. புங்கன் இலையும் பெருங்கொன்றையின் பொடி இலையும் சீக்கிரம் கரைந்துவிடும். பாதாம் மரத்து இலைதான் வம்பு. தோல் செருப்பு போலத் தடித்துக் கிடந்து அடுத்த மழைக்காலம் வரை முழுசாக இருக்கும். அதைத் தனியாக எடுத்து மிதித்து நொறுக்கிப் போட வேண்டும். இதையெல்லாம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, பூங்காவைப் பெருக்க வந்த இரண்டு பெண்களில் மூத்தவர். அவர் கிராமத்தில் எருக்குழி பார்த்து வளர்ந்தவர். மட்கியதை மணல் சலிக்கும் சல்லடையில் சலித்து வைத்தால் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண்வாசனையோடு இருக்கும். அதில் ஒரு பங்கு செடிக்கு, ஒரு பங்கு அவர்கள் இரண்டு பேருக்கு. மொட்டை மாடியில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அவர்கள் விற்றுக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். இதில் எங்களுக்குள் ஒரு மாதம் சண்டை. பொதுச் சொத்தாம். பொதுச் சொத்தைக் கொளுத்தியபோது கேட்க ஆளில்லை.

விழாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூங்காவுக்கு ஆட்களை இழுத்துவந்தவை அவைதான். பொங்கலுக்குக் கோலப்போட்டி, ஆகஸ்டு 15-க்குக் கொடி, ஆடிப் பட்டத்துக்கு விதை மாற்றிக்கொள்வது. இவை எல்லா ஊரிலும் நடப்பவை. நாங்கள் வைத்துக்கொண்ட ஒரே கட்டுப்பாடு, மைக் கிடையாது. மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக் இல்லாமல் இளம் பிள்ளைகள் கச்சேரி செய்ததைக் கேட்டிருக்கிறேன். பாடுகிற பெண்ணின் குரல் கேட்க வேண்டும் என்றால் கேட்கிறவர்கள் வாயை மூடித்தான் ஆக வேண்டும். அந்த யோசனையைத்தான் இங்கே கொண்டுவந்தோம். எங்களிடம் கச்சேரிப் பாடகர்கள் இல்லை. கானா பாடும் பையன் ஒருவன் இருக்கிறான், கையால் பெஞ்சைத் தட்டிப் பாடுவான். அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. மைக் இல்லாததில் இன்னொரு சௌகரியமும் உண்டு. 2000-ம் வருடத்து ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூலம் அனுமதி வாங்க வேண்டும். ஒலிபெருக்கியே இல்லையென்றால் அந்த அலைச்சலும் இல்லை, எதிர்வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் அம்மா சண்டைக்கு வருவதும் இல்லை.

நன்றாக ஓடியது கேரம். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் நம் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கிவந்தார் அல்லவா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்தச் செய்தி வந்த வாரமே எங்கள் ஆட்டோக்காரர், "நம்ம பார்க்ல ஒரு போர்டு போடணும் மேடம்" என்று வந்து நின்றார். பழைய போர்டு ஒன்று கிடைத்தது. புங்க மர நிழலில் சிமெண்டு மேஜை மேல் வைத்தால் காய் எல்லாம் ஒரே மூலைக்கு ஓடுகிறது. எங்கள் ஃபிட்டர் சார் வீட்டிலிருந்து ரசமட்டம் எடுத்துவந்து வைத்துப் பார்த்து, நான்கு மூலைக்கும் சைக்கிள் டியூப் வெட்டி அண்டை கொடுத்துச் சரி செய்தார். அடுத்த தொல்லை காற்று. பவுடர் தூவினால் ஆடுகிறவன் மூக்கில்தான் போய் விழும். வேறு வழியில்லாமல் பழைய பேனர் துணியை மேற்குப் பக்கம் தட்டியாகக் கட்டினோம். ஆறு வயதிலிருந்து அறுபத்தெட்டு வரை ஆடுகிறார்கள். தெருவோரம் செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த உணவு டெலிவரிப் பையன்கள் ஆர்டர் இல்லாத நேரத்தில் உள்ளே வருகிறார்கள். பெண் பிள்ளைகள் முதலில் ஒதுங்கி நின்றார்கள். ஞாயிறு முதல் ஒரு மணி நேரம் அவர்களுக்கு மட்டும் என்று டீச்சர் சொன்ன பிறகு பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிறு காலை, பெருக்கிக்கொண்டிருந்த அந்த மூத்த அம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பையன் 'ரெட்' என்கிற சிவப்புக் காயை எடுக்கத் தெரியாமல் ஸ்ட்ரைக்கரை இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருந்தான். "தம்பி, நேரா அடிச்சா வராது. எதிர்க் கட்டையில அடி, திரும்பி வந்து தூக்கும்" என்றார். பையன் சிரித்துக்கொண்டே, "நீங்களே அடிங்கம்மா" என்று நகர்ந்தான். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆள்காட்டி விரலை நகத்தோடு சேர்த்து மடித்து ஒரே சுண்டு. ரெட் உள்ளே. அடுத்த அடியில் ஒரு வெள்ளைக் காயையும் போட்டு ஃபாலோவை முடித்துவிட்டு, "வியாசர்பாடிக்குக் கட்டிக்கிட்டு வந்த பொண்ணுக்கு கேரம் தெரியாம இருக்குமா" என்று எழுந்து போய்விட்டார். அதிலிருந்து பையன்கள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

வேலையை விட்டு அனுப்பப்பட்டவர் இவர்தான்.

நடந்தது இது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களில் சிலர் விளக்குமாறு எடுத்து நடைபாதையைப் பெருக்க ஆரம்பித்திருந்தார்கள். உடம்புக்கு நல்லது, பார்க்கவும் நன்றாக இருக்கும் என்று. கையுறையும் தொப்பியுமாக எடுத்த போட்டோ வாட்ஸ்அப்பில் பல குழுக்களுக்குப் போனது, பாராட்டும் வந்தது. அந்த வாரங்களிலேயே ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் முதல் ஒரு ஆள்தான் வந்தார், இளையவர். ஏன் என்று கேட்டதற்கு அந்த மேற்பார்வையாளர் கொஞ்சமும் தயங்காமல், "அதான் நீங்கள்லாம் இருக்கீங்களே மேடம், இங்க எதுக்கு ரெண்டு பேரு?" என்றார். திட்டவில்லை, மிரட்டவில்லை, எங்களைப் புகழ்கிற முகத்தோடு சொன்னார். இரண்டு ஆள் வேலையை ஒருவர் செய்ய, இன்னொருவர் வீட்டில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரர் படுத்த படுக்கை என்பது எங்களுக்கு அதன் பிறகுதான் தெரியும்.

அன்றைக்கே பெருக்குவதை நிறுத்தினோம். இது எளிதான முடிவு இல்லை. ஐப்பசி மழை, ஈரமான இலை பாதையெல்லாம் அப்பிக்கொண்டது. நடக்க வரும் பெரியவர்கள், "சும்மா கேரம் ஆடுறீங்க, ரெண்டு வாரி வாரினா என்ன?" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். நியாயமான கோபம்தான், எண்பது வயதில் வழுக்கி விழுந்தால் இடுப்பு போய்விடும். வழுக்கும் இடங்களில் கயிறு கட்டி அட்டை தொங்கவிட்டோமே தவிர விளக்குமாற்றைத் தொடவில்லை. மாநகராட்சியின் புகார் தொலைபேசியான 1913-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கச் சொல்லி ஒவ்வொருவரிடமும் சொன்னோம். (மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை திறந்ததும் 1913-ல்தான். தற்செயலோ என்னவோ, எண் மறப்பதில்லை.)

இன்னொரு பக்கம் நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தகவல் உரிமைச் சட்டத்தில் வெள்ளைத்தாளில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். கேட்டவை நான்கே கேள்விகள். இந்தப் பூங்காவின் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எத்தனை பணியாளர்கள், என்ன வேலை நேரம், நாள் கூலி எவ்வளவு, ஒப்பந்தம் எப்போது முடிகிறது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது 2005-லிருந்து சட்டம். கெடு முடியும் தறுவாயில் பதில் வந்தது. பணியாளர் இரண்டு பேர் என்று தெளிவாக இருந்தது. அதாவது, வராத ஆளுக்கும் சேர்த்துத்தான் பணம் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தாளின் நகலை மேற்பார்வையாளரிடம் கொடுத்தேன். வாக்குவாதம் எதுவும் இல்லை, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தை பிறக்கும் முன்பே அந்த அம்மா திரும்ப வந்துவிட்டார். இடையில் போன மாதங்களின் கூலி போனது போனதுதான். அதைக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். "வேணாம்மா, வந்ததே போதும்" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அதில் இன்னும் மனது ஆறவில்லை.

இப்போது எங்கள் குழு என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை என்று வைத்திருக்கிறோம். கன்று வைப்போம், வைத்த கன்றுக்கு இரண்டு வருடம் பொறுப்பேற்போம், மரத்தடிச் சிமெண்டை அனுமதி வாங்கிப் பெயர்ப்போம், விழா நடத்துவோம், நடத்தினால் அதில் விழுந்த குப்பையை நாங்களே எடுப்போம். கெட்டுப்போன விளக்கு, உடைந்த ஊஞ்சல், ஒழுகும் குழாய் என்றால் புகார் எண் வாங்கி, சரியாகும்வரை விடமாட்டோம். தினப்படி பெருக்குவது, புல் வெட்டுவது, கழிப்பறை கழுவுவது, காவல் காப்பது எங்கள் வேலை இல்லை. அதற்குக் கூலி உண்டு, அந்தக் கூலியில் குடும்பங்கள் உண்டு.

கோட்டூர்புரத்தைப் பார் என்று சிலர் சொல்கிறார்கள். பார்த்திருக்கிறேன், குப்பை கொட்டிக் கிடந்த ஆற்றோர நிலத்தை 2006-லிருந்து நிழல் அமைப்பினரும் தன்னார்வலர்களுமாக மரவனம் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அது வனம், இலை விழுந்த இடத்திலேயே மட்கலாம். எங்களுடையது ஊஞ்சலும் சறுக்கும் நடைபாதையும் உள்ள தெருப் பூங்கா, தினமும் ஆள் கை பட்டாக வேண்டும். லஸ் பூங்காவைத் தனியார் நிறுவனம் தத்தெடுத்து அழகாக வைத்திருப்பதையும் சொல்கிறார்கள். அங்கே பின்னால் பணம் இருக்கிறது. எங்கள் தெருவில் மாவு மில்தான் இருக்கிறது.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பூங்காவின் வாசலிலும் திறந்துவைத்தவர் பெயர் பளிங்கில் இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒரு தகரப் பலகை வேண்டும். பணியாளர் எத்தனை பேர், வேலை நேரம், ஒப்பந்தம் முடியும் தேதி, மேற்பார்வையாளரின் எண். நான் பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி ஒரு மாதம் காத்திருந்து வாங்கிய விவரம் அவ்வளவுதான். இப்படிப்பட்டவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது.

பலகையில் எழுத முடியாத இன்னொன்று உண்டு. அந்த இரண்டு பெண்களுக்குக் கழிப்பறை. எங்கள் பூங்காவில் கழிப்பறை இருக்கிறது, சாவி யாரிடம் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். காலை ஐந்தரைக்கு வேலைக்கு வருகிற ஐம்பது வயதுப் பெண் பத்து மணிவரை என்ன செய்வார்? எங்கள் டீச்சர் தன் வீட்டுக் கழிப்பறையைத் திறந்துவிட்டிருக்கிறார். அது டீச்சரின் நல்ல மனது, ஏற்பாடு ஆகாது.

நகர்ப்புறத்திலும் கிராம சபை போலப் பகுதி சபைகள் கூட ஆரம்பித்தது 2022 நவம்பர் 1-ல். அந்தக் கூட்டங்களை மண்டபத்தில் வைக்காமல் ஞாயிறு காலையில் பூங்காவிலேயே வைத்தால் கேரம் ஆட வருகிறவர்களும் கலந்துகொள்வார்கள். மைக் தேவைப்படாது. பெருக்குகிற பெண்களையும் ஓரமாக நிற்கச் சொல்லாமல் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த விளக்கு எரியவில்லை என்று அவர்களைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும், ஆசிரியரே. தன்னார்வலர்கள் பூங்காவைச் சுத்தம் செய்தார்கள் என்று உங்கள் நாளிதழில் அடிக்கடி படத்தோடு செய்தி வருகிறது. படத்தில் எல்லோர் கையிலும் புது விளக்குமாறு. அடுத்த முறை அப்படி ஒரு செய்திக்குப் போகும் நிருபரிடம், இந்தப் பூங்காவுக்குச் சம்பளத்துக்கு எத்தனை பேர், அவர்கள் இன்றைக்கு வந்திருக்கிறார்களா என்று கேட்டு அதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லிவாக்கம், சென்னை.

(என் பெயரும் முகவரியும் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். வெளியிட வேண்டாம்.)